அச்சில் வராத லேயர்

ஆவாரம்பாளையத்தில்
லேத்துச் சத்தத்துக்கு மேல் ஒரு மாடி.
அங்கே என் மேசை, இரண்டு திரை,
கரண்ட் போனால் நான்கு நிமிடம் தாங்கும் யூ.பி.எஸ்.
எதை முதலில் சேமிப்பது என்பது
என்னைக் கேட்காமலே என் விரலுக்குத் தெரியும்.

பத்தரை மணிக்குக் கீழே கூச்சல்.
'பேரிங் உக்காரலீங்!'
பன்னிரண்டு மோட்டார் மூடி,
பன்னிரண்டிலும் துளை ஐம்பது எம்.எம்.
6205-க்கு ஐம்பத்திரண்டு வேண்டும்.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்,
விழித்திருந்தபோது பார்க்கத் தவறியிருக்கிறேன்.

கடைந்தவன் பிகாஷ். ஒடிசா. வந்து ஐந்து வாரம்.
அவனுக்குத் தெரிந்த தமிழ்
'சரிங்', 'சாப்டாச்சா'.
ஆனால் வரைபடம் படிப்பான்.
வட்டம், அம்பு, எண்.
தாளில் ஐம்பது என்றிருந்தது.
ஐம்பது கடைந்தான், ஒரு மயிரிழை பிசகாமல்.

முதலாளி வெள்ளியங்கிரி தாளைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தார்.
'பொழுதோட லாரிக்கு லோடு போகோணும்.
ரெண்டு நாள் சம்பளத்தப் புடிச்சுருங்.'

மாடியேறிக் கோப்பைத் திறந்தேன்.
பேரிங், யாரோ இலவசமாகத் தந்த தொகுப்பிலிருந்து
எடுத்து ஒட்டிய உரு.
ஆயிரத்து இருநூறு உருக்கள் அதில்;
எந்த ஊரிலோ எவரோ
தூக்கக் கலக்கத்தில் ஒன்றை மட்டும் தப்பாக வரைந்திருக்கிறார்.
அலமாரியில் அட்டை பிய்ந்த தரவுக் கையேடு,
பேரிங் பக்கத்தில் மட்டும் கிரீஸ் ரேகைகள்.
அது ஐம்பத்திரண்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தது
மூடியபடி.

அப்படியானால் இத்தனை வருடம் மோட்டார்கள் ஓடியது எப்படி?
சென்னியப்பண்ணன்.
அவர் தாளைப் பார்ப்பதேயில்லை.
டீ டம்ளரை அதன்மேல் வைப்பார்,
ஐம்பத்திரண்டு கடைவார்.
இந்த வாரம் அவர் சிவன்மலையில்,
பேத்திக்குக் காதுகுத்து.

திருத்தப் போனபோதுதான் கண்டேன்,
உறைய வைத்த ஒரு லேயர்.
அச்சில் வராதபடி பூட்டி,
'x' என்று மட்டும் பெயரிட்டு.
திறந்தேன்.
பூச்சி ஊர்ந்ததுபோல் எழுத்துகள்,
இப்போது யாரும் வைத்திருக்காத பழைய தமிழ் ஃபான்ட்.
அரை மணி தேடிப் போட்டதும்
பூச்சிகள் வரிசையில் நின்றன:

'6205 = 52. மூணு தடவ சொல்லிட்டேன்.
"மோட்டார் ஓடுதில்ல, உடு" ங்கறார்.
ர.பூ. 14-8-2013.'

அன்று நான் எட்டாம் வகுப்பில்
கம்பாஸ் முனையால் பெஞ்சைக் குத்திக்கொண்டிருந்தேன்.

லேயரின் பூட்டை எடுத்தேன்.
பெரிய தாளில் அச்சிட்டு
அவர் கல்லாப்பெட்டி மேல் விரித்தேன்.
எதுவும் பேசவில்லை, எனக்குப் பேச வராது.
வெள்ளியங்கிரி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.
துடைக்க எதுவும் இல்லாமலே துடைத்தார்.
'பூங்கோதை. அந்தப் புள்ள இப்ப எங்கீங் இருக்குது?'
ஒருவர் ஓசூர் என்றார், ஒருவர் சிங்கப்பூர்.
சம்பளம் பிடிக்கும் பேச்சு அதற்குமேல் எழவில்லை.
பிகாஷிடம் மன்னிப்பும் யாரும் கேட்கவில்லை.

துளை சிறிதானால் வழி உண்டு,
பெரிதாகியிருந்தால் மறுபடி உலைதான்.
நாலு மணிக்குள் பன்னிரண்டையும் திரும்பக் கடைந்தான்.
பேரிங்குகள் ஒவ்வொன்றாய் உள்ளே போன சத்தம்
மாடிவரை கேட்டது.

திருத்தம் D.
வரைந்தவர் கட்டத்தில் என் முதலெழுத்து.
சரிபார்த்தவர் கட்டம்
இந்தப் பட்டறையில் என்றுமே காலி.
அதில் ர.பூ. என்று அடித்தேன்.

புதுத்தாளை வாங்கிய பிகாஷ்
அந்தக் கட்டத்தில் விரல் வைத்து
தன் மூன்றாவது தமிழ்ச்சொல்லைச் சொன்னான்:
'ஆருங்?'

'ஃபிஃப்டி டூ' என்றேன்.
தலையாட்டிவிட்டு
இறங்கிப் போனான்.