இரண்டாம் காவலன்

ஓகஸ்ட் லீவு. கல்லடியில் பள்ளிக்கூட மண்டபம்.
தகரத்துக்குக் கீழே இருபத்திமூன்று பேர்.
கச்சான் காற்று மணலை அள்ளி வந்து
வசனங்களுக்குள் போட்டுவிட்டுப் போகிறது.
அரசன் வாய் திறந்தால்
பல்லில் நறநறக்கிறது இராச்சியம்.

பாத்திரம் பிரித்த அன்று
டிலக்சனுக்கு அமைச்சர் வேடம்.
காத்தான்குடி ஹஸ்னாதான் அரசன்,
அவளுக்குத்தான் அந்தத் தொண்டை இருந்தது.
முதலாம் காவலனுக்கு நாலு வசனம், ஒரு சாவு.
இரண்டாம் காவலன் நான்.
ஒரு வசனம், ஒரு ஈட்டி.
ஈட்டி எங்கள் வீட்டு ஒட்டடைக்கம்பு.

"வாசலில் யார்?" என்று அரசன் கேட்பான்.
நான் கிறுகி, கதவைப் பார்த்து,
மனதுக்குள் மூன்று எண்ணி,
"வாசலில் யாரும் இல்லை, அரசே" என்பேன்.
மறுகா நாடகம் முடியுமட்டும் நிற்பேன்.
எத்தனையோ நூறு வருசமாக
எத்தனையோ காவலர்கள் சொல்லித் தேய்ந்த வசனம்.
எனக்கு வரும்போது அதில்
ஒட்டடை வாசம்.

பாலத்தில் சைக்கிளை நிறுத்தி
வாவியிடம் சொல்லிப் பார்த்தேன்.
மீன் பாடும் என்பார்கள்,
பின்னால் வந்த ஓட்டோதான் ஹோர்ன் அடித்தது.
பணிஸ் வாங்கப் போன கடையில் சொன்னேன்.
"ஆரும் இல்லாட்டி நான் ஆருகா?" என்றார் முதலாளி.
யசோ அக்காவுக்கு இருபத்திநாலு வயது,
தொண்டை கட்டி விசிலால் நெறியாள்கை செய்கிறவ.
விசிலை எடுத்துவிட்டு ஒருநாள் கேட்டா:
"காவலன் உண்மை சொல்றானா, பொய் சொல்றானா?"
தெரியாது என்றேன்.
"தெரியாமல் எப்படி நிற்கிறாய்?"

வீட்டில் அம்மா
ஆறரை பஸ் போகிற சத்தத்தோடு
தினமும் ஒரு கேள்வி கேட்பா.
"படலைக்க ஆரு புள்ள?"
"காத்தும்மா" என்பேன். அதுதான் வழக்கம்.
அன்றைக்கு வாய் தன்பாட்டில் சொல்லிற்று:
"வாசலில் யாரும் இல்லை, அரசே."

தேங்காய் துருவும் சத்தம் நின்றது.
மாமாவின் படம் தொங்கும் சுவர்ப்பக்கம்
நான் பார்க்கவில்லை.
பிறகு துருவத் தொடங்கினா,
சிரட்டையும் சேர்ந்து சுரண்டுப்படும்வரை.

அடுத்த நாள் ஒத்திகையில்
மூன்று எண்ணி முடித்தும் வசனம் வரவில்லை.
ஏழு, எட்டு, ஒன்பது.
வந்தபோது மிக மெதுவாக வந்தது.
"நல்லாருக்கு, அப்பிடியே வை" என்றா யசோ அக்கா.
எனக்கு அழுகை வந்ததை
வியர்வை என்று நினைத்திருப்பா.

அரங்கேற்றம் சனி இரவு.
பிளாஸ்டிக் கதிரை நூற்றியிருபது,
அதற்கு மேலும் சனம்.
வரமாட்டேன் என்ற அம்மா
கடைசி வரிசையில், குடையோடு.
மழை வருகிற மாதமா இது?

இளவரசி செத்தாள். அமைச்சர் வசனம் மறந்து
இருமிச் சமாளித்தார்.
"வாசலில் யார்?" என்றாள் ஹஸ்னா
தங்கப் பேப்பர் முடிக்குக் கீழிருந்து.
நான் கிறுகினேன்.

மண்டப வாசலில் ஒரு மாடு.

செவலை. ஒரு கொம்பு உடைந்தது.
அசைபோட்டபடி நாடகம் பார்த்துக்கொண்டிருந்தது.
எண்ணினேன். ஒன்று. இரண்டு.
வேறு வசனம் என்னிடம் இல்லை.
"வாசலில் யாரும் இல்லை, அரசே."

சனம் கிறுகிப் பார்த்தது.
தகரம் பறக்கிற மாதிரி ஒரு சிரிப்பு.
திரைக்குப் பின்னால் யசோ அக்கா
கொப்பியால் முகத்தை மூடிக்கொண்டது தெரிந்தது.
இரண்டு கிழமை உழைத்த துக்கம்
ஒரு வாலசைப்பில் போயிற்று.

ஹஸ்னா சிரிக்கவில்லை.
சிரிப்பு ஓயுமட்டும் அரசனாகவே நின்றாள்.
பிறகு, எந்தக் கொப்பியிலும் இல்லாததை,
என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"இல்லையென்றால் கதவைத் திறந்தே வை, காவலா.
பூட்டிவிட்டு யாரும் இல்லை என்று
ஏன் தினமும் சொல்கிறாய்?"

கடைசி வரிசையில் மடித்த குடை
சரிந்து விழுந்த சத்தம் கேட்டது.
எடுக்க யாரும் குனியவில்லை.

வீட்டுக்கு நடந்து வந்தோம்.
ஈட்டியை அம்மாதான் தூக்கி வந்தா.
நாடகம் எப்படி என்று நான் கேட்கவில்லை,
அவவும் சொல்லவில்லை.
"அந்த ராசா புள்ளைக்கு
நல்ல குரல்" என்றா, படலையடியில்.
உள்ளே போனா. கொளுவி போடவில்லை.

விடியப் பார்த்தால்
முற்றத்துச் செவ்வந்தியில் பாதி இல்லை.
மணலில் குளம்படி, ஈரச் சாணம்.
அம்மா தடி எடுக்கவில்லை.
மிச்சச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கேட்டா,
"ராவு ஆரோ வந்திருக்கினம், என்ன?"

"ஓம், அரசே" என்றேன்.