ஐந்து வெடி, நாலு துளை

மேசைக் கால் ஆடாமலிருக்க
பிஸ்கட் பெட்டி மட்டையை மடித்துக் கொடுப்பதில்
என் ஞாயிறு தொடங்குகிறது.
அட்டை சமமாகக் கிடக்க வேண்டும்.
மின்விசிறியை நிறுத்தச் சொல்வேன்.
மே மாதம். எல்லோரும் முறைப்பார்கள்.

மற்ற ஆறு நாளும் கஸ்தூரியார் வீதியில்
நகைக்கடையொன்றில் கல் பார்க்கிறேன்.
கண்ணில் இடுக்கும் வில்லை கடையினுடையது.
கேட்டுத்தான் எடுத்தேன்,
எதற்கென்று முதலாளி கேட்கவில்லை.

பிளக் மட்டும் என்னுடையது.
சுண்டுவிரலில் பாதி நீளம்.
தண்டு துளைக்குள் இறங்கும்,
மேலே ஒரு விளிம்பு நிற்கும்,
குறுக்களவு நாலரை மில்லிமீற்றர்,
ஈயக்குண்டின் அதே பருமன்.
தாள் பொய் சொல்லும்.
குண்டு போனபின் நார்கள் மெல்லத் திரும்பி வந்து
துளையைச் சின்னதாகக் காட்டும்.
அதற்குத்தான் விளிம்பு.
அது கோட்டைத் தொட்டால் மேல் எண்,
தொடாவிட்டால் கீழ் எண்.
ஒரு துளைக்கு ஒருமுறைதான் இறக்கலாம்.
இறக்கியதும் பக்கத்தில் கையெழுத்து.
இரண்டாம் முறை இறக்கினால்
அது குண்டு போட்ட துளை இல்லை,
நான் போட்டது.

பதினேழாம் அட்டை, யதுர்சிகா.
டிலக்சனின் தகப்பன் ஐந்நூறு ரூபா கட்டி
ஆட்சேபம் எழுதிவிட்டார்.
"எண்ணிப் பாருங்கோ பிள்ளை.
ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு.
அஞ்சாவது எங்க?
மதிலுக்குப் போட்டுது."
அவள் ஒன்றும் கதைக்கவில்லை,
தண்ணீர்ப் போத்தல் மூடியைக் கடித்தபடி நின்றாள்.

பத்தின் வளையத்துக்குள் ஒரு துளை,
ஒரு பக்கம் சீனிக்கல் அளவு அகலம்.
அவ்வளவு போதாது.
தாள் கிழிந்தும் அப்படி வரும்.
பின்னட்டையைக் கொண்டுவரச் சொன்னேன்.
இலக்குக்கு ஒரு சாண் பின்னால் தொங்குவது அது,
யாரும் அதைப் பார்த்துச் சுடுவதில்லை.
வில்லையை இடுக்கிக் குனிந்தேன்.
கச்சான் கோது மாதிரி
இடுப்பு ஒடுங்கின துளை.
முன்னால் ஒன்றாய்ப் போனவை
பின்னால் பிரிந்திருந்தன.
"ரெண்டு" என்றேன்.
தகப்பனும் குனிந்தார்,
அவருடைய வியர்வை ஒரு சொட்டு
மேசையில் விழுந்தது, அட்டையில் இல்லை.

கொழும்பிலிருந்து வந்த நிருபர்
அந்த நேரம் பார்த்துக் கேட்டார்,
யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு
துளை எண்ணுவது எப்படி இருக்கிறது என்று.
வருடா வருடம் யாராவது கேட்பார்கள்.
"இது நாலரை மில்லிமீற்றர் ஈயம்,
அது தாள்" என்றேன்.
எழுதிக்கொண்டார்.
அதற்கு மேல் எதையோ எதிர்பார்த்த முகம்.

சொல்லாதது ஒன்று உண்டு.
பிளக் வாங்கின கிழமை
அரியாலையில், எங்கள் வீட்டுக் கேற்றுத் தூணில்
ஒரு துளைக்குள் அதை இறக்கிப் பார்த்தேன்.
ஏனென்று தெரியாது.
விளிம்பு எங்கும் முட்டவில்லை.
முழுதாய் உள்ளே விழுந்துவிட்டது.
சுற்றிலும் வளையம் இல்லை, எண் இல்லை,
இந்தப் பக்கம் சுட்டது யார்,
அந்தப் பக்கம் நின்றது யார்,
பின்னட்டையும் இல்லை.
கொண்டை ஊசியை வளைத்து
கால்மணி நேரம் கிண்டி எடுத்தேன்.
சீமெந்துத் தூளைத் துணியால் துடைத்தேன்.
அம்மா உள்ளேயிருந்து,
"கேற்றடியில என்ன செய்யிறாய்?"
"திறப்பு விழுந்திட்டுது."

அட்டைக்கு வருவோம்.
பத்து, பத்து, ஒன்பது, எட்டு,
மிச்சமிருந்தது எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்.
மூச்சை அடக்கிப் பிளக்கை இறக்கினேன்.
விளிம்புக்கும் கோட்டுக்கும் இடையில்
வெளிச்சம் இருந்த மாதிரி ஒரு கணம்,
இல்லாத மாதிரி மறுகணம்.
சந்தேகம் வந்தால் சுட்டவள் பக்கம்,
விதி அப்படித்தான் சொல்கிறது.
விதியில் எனக்குப் பிடித்த வரி அது ஒன்றுதான்.
ஒன்பது.
கையெழுத்து.
நாற்பத்தாறு.

ஐந்நூறு ரூபா திரும்பாது என்றதும்
தகப்பன் பற்றுச்சீட்டுக் கேட்டார்.
எழுதிக் கொடுத்தேன்.
யதுர்சிகா போத்தலை மூடப் பார்த்தாள்,
மூடி நெளிந்து போயிருந்தது.

பிளக்கை மூக்குத்திப் பெட்டியில்
பஞ்சுக்குள் வைத்தபின்
"இனி ஃபானைப் போடலாம்" என்றேன்.
அட்டைகள் எல்லாம் ஒரேயடியாய்ப் படபடத்தன.
இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தேன்.