சனிக்கிழமை முழங்கால்

பதினான்கு நாள், என்றாள் நாய்ப் பயிற்சிக்காரி ட்ரீனு.
பதினான்கு நாள் யாரும் எதுவும் போடாதீர்கள்.
கண்ணைப் பார்க்காதீர்கள்.
முனகினால் செவிடாகிவிடுங்கள்.
கேட்டுக் கேட்டு அலுத்து
அதுவே அடுப்போரம் போய்ப் படுத்துக்கொள்ளும்.
இருபத்தைந்து யூரோ வாங்கிக்கொண்டு
பனிச்சேற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள்.

ரூடியின் கண்ணைப் பார்க்காமல் இருப்பது
லேசுப்பட்ட காரியமில்லை.
இப்போதுதான் தன் கிண்ணத்தைக்
கழுவி வைத்ததுபோல நக்கிவிட்டு வந்திருக்கும்.
ஆனாலும் பஞ்சத்தில் அடிபட்டதுபோல
மேசை விளிம்பில் மோவாயை வைத்து,
என் முள்கரண்டி ஏறும்போது ஏறி
இறங்கும்போது இறங்கும் அந்தப் பார்வை.
தாடையிலிருந்து ஓர் எச்சில் நூல்
மிக மெதுவாகத்
தரையைத் தேடும்.

நான் கல்லாக இருந்தேன்.
ஆர்வியும் கல்லாகத்தான் இருந்தார்,
நான் பார்த்தவரை.
மீன் நாள், பட்டாணி சூப் நாள், உருளைக்கிழங்கு நாள்
எல்லாம் தாண்டினோம்.
எட்டாம் நாள் ரூடி அடுப்போரம் குறட்டை விட்டது.
ட்ரீனுவைத் தொலைபேசியில் கூப்பிட்டு நன்றி சொன்னேன்.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை.
மணி ஆறு. தட்டைக்கூட நான் வைக்கவில்லை.
எழுந்து, சோம்பல் முறித்து,
நேரே ஆர்வியின் இடது முழங்காலுக்குப் போய்
முன்பணம் கட்டியவன்போல உட்கார்ந்தது.
நாய்க்குக் கிழமை தெரியுமா?

சனிக்கிழமை எங்கள் வீட்டில் சூல்ட்.
பன்றிக்கால், நாக்கு, ஒரு கேரட், மிளகு,
ஐந்து மணிநேரக் கொதி,
எலும்பு பொறுக்கி, சாறு வடித்து,
ஹாப்சலு விரிகுடா உறைவதுபோல
கண்ணாடி வராந்தாவின் குளிரில்
ஓர் இரவு உறையவிட்டது.
கல்யாணமான முதல் வாரம்
அவருடைய அம்மா எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துச் செய்தேன்.
'அம்மா கைப்பக்குவத்தையே மிஞ்சிவிட்டாய்' என்றார்.
அன்றிலிருந்து இருபத்தொரு வருடம்.
பிரசவத்துக்குப் போன வாரம்கூடச்
செய்து வைத்துவிட்டுத்தான் போனேன்.

முள்கரண்டியைக் கைதவற விட்டேன்.
(தவறவில்லை. விட்டேன்.)
மேசைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் குனிந்தால்
அங்கே வேறொரு சாப்பாடு நடந்துகொண்டிருந்தது.
ஆர்வியின் உள்ளங்கை தட்டாக விரிந்திருக்க
அதில் என் சூல்ட்
கொஞ்ச வெளிச்சத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது.
ரூடி அவசரப்படவில்லை.
பல் படாமல், சத்தமில்லாமல்,
வெகுநாள் பழகிய நாசூக்கோடு
எடுத்துக்கொண்டது.

மேலே வந்தேன்.
அவர் வாயைத் துடைத்துக்கொண்டு
'இன்னொரு துண்டு?' என்று தட்டை நீட்டினார்.

எத்தனை வருடம், என்று கேட்டேன்.
ரூடிக்கு ஏழு வயது, என்றார்.
அதற்கு முன்னால்?
அதற்கு முன்னால் விழுங்கினேன்.

கதவை அறைந்து சாத்தினேன். திறந்து மறுபடி சாத்தினேன்.
ஆயிரம் பன்றிக்கால் இருக்குமா?
கொதி ஆவியில் எத்தனை தடவை
மூக்குக்கண்ணாடியைத் துடைத்திருப்பேன்?
எனக்கும் அது பிடிக்காது என்பதை
நான் அப்போது சொல்லவில்லை.
கோபத்துக்குக் கொஞ்சம் இடம் வேண்டியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை முட்டை பொரித்தேன்,
கருப்பு ரொட்டி, வெந்தயக்கீரை தூவிய வெள்ளரி.
இருபத்தொரு வருடத்தில் முதல்முறையாக
இரண்டு தட்டும் காலியாயின.
ஆர்வி இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்,
கொஞ்சம் வெட்கத்தோடு.

ஆறு மணியிலிருந்து இடது முழங்காலில் ரூடி.
மேசைக்குக் கீழே கை வரவில்லை.
முனகவில்லை அது. குரைக்கவில்லை.
என்ன தப்பு செய்தோம் என்பதுபோல
ஒருதரம் அவரை, ஒருதரம் என்னை.

கண்ணைப் பார்க்காதீர்கள் என்றிருந்தாள் அந்தப் பெண்.
பார்த்தேன்.
ஏழு வருடம் ஒரு வீட்டின் பொய்யை
ஒற்றை ஆளாய்த் தின்று தீர்த்த முகம்.

கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.
எங்கே, என்றார் ஆர்வி.
இறைச்சிக் கடை
எட்டு மணிக்குத்தான் சாத்துவார்கள்.