மூன்றாவது துளை

காட்பாடியில் கல்யாணம் இல்லாத ஒரு ஞாயிறு.
பந்தி மேசையில் இலைக்குப் பதில்
ஆளுக்கொரு சாம்பல் பெட்டி,
ஈயக்கம்பிச் சுருள், பற்றவைக்கும் கோல்.
பணம் கட்டியவர்கள் பன்னிரண்டு பேர்;
ஐந்து பேரை வெயில் தின்றுவிட்டது.

கார் கடனில் வந்தது, அவர் பெயரில்.
அவர் ஏர்போர்ட் சவாரிக்குப் போய்விட்டதால்
பெட்டி என் பெயரில்.
ராணிப்பேட்டையில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறேன்.
விளிம்பிலிருந்து மூன்று மில்லிமீட்டர் உள்ளே என்று
எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பர்தாவின் கையை முழங்கைக்கு மேல்
ஊக்குக் குத்திக்கொண்டு தபசும் சொன்னாள்:
"இது கரண்ட் கொடுக்கிற பெட்டி இல்லீங்க.
கேக்கிற பெட்டி.
வந்துட்டியா? தயாரா? தாங்குவியா?
பதில் வந்தாத்தான் கதவு தெறக்கும்."
"எங்க பேங்க் மேனேஜராட்டம்" என்றார்
குடியாத்தம் தறிப்பட்டறை எத்திராஜுலு.

சிவப்பில் வரும். கறுப்பில் திரும்பும்.
பச்சை?
"பச்சை சும்மா கெடக்கும்.
எல்லாம் தப்பாப் போற நாள் வரைக்கும்
சும்மாவே கெடக்கும்."

பதினொன்றரைக்கு மின்சாரம் போனது.
கோல்கள் ஆறின.
யாரோ ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா கொண்டுவந்திருந்தார்கள்.
பாகு ஒட்டிய விரலோடு போர்டைத் தொடாதே என்று
சோப்பு தேடி ஏழு பேரும் அலைந்தோம்.

மூன்று மணிக்குச் சோதனை.
கார் போல நடிக்கும் ஒரு சின்ன டப்பா.
ஒவ்வொரு பெட்டியாக
நெட்டி முறித்தது போல
டக்.
டக்.
ஆறு கைதட்டல்.

வரிசை நகராததால் என்னுடையதை
மேடைக்குப் பின்னால் இருந்த பிளக்கில் மாட்டினார்கள்.
சிவப்பு நான்கு முறை சிமிட்டியது.
நின்றது.
மறுபடி நான்கு.

கோதண்டம் என்னைக் கேட்காமலே
என் மூன்று இணைப்புகளை உருக்கிப் பிரித்தார்.
கம்பெனியில் ரிஜெக்ட் ஜோடியின் மேல்
சாக்பீஸ் கோடு விழும்போது
காது சூடாகுமே, அது.
பிரித்தார், சேர்த்தார், ஊதினார்.
நான்கு சிமிட்டல்.

தபசும் பெட்டியை விட்டுவிட்டுச்
சுவரைத் திறந்தாள்.
மூன்றாவது துளைக்குப் பின்னால்
பச்சை இல்லை.
அறுந்த நுனிகூட இல்லை.
சிலந்திக்கூடு, கொஞ்சம் சுண்ணாம்பு.

எத்தனை முகூர்த்தம்!
மாப்பிள்ளை வீட்டு சீரியல் லைட்,
ஐஸ்கிரீம் பெட்டி, பெண்ணின் தலை உலர்த்தி,
எல்லாம் அதில்தான் ஓடியிருக்கின்றன.
ஒன்றும் கேட்டதில்லை.

கோதண்டம் மூன்று இணைப்பையும்
திரும்பப் பற்றவைத்துக் கொடுத்தார்.
அவருடையது என்னுடையதைவிடக் கோணல்.

இரவு சத்துவாச்சாரி வாடகை வீட்டில்
ஸ்க்ரூடிரைவரோடு சுவர் சுவராக நின்றேன்.
ஏழு பிளக். பச்சை வந்தது இரண்டில்.
அதில் ஒன்று எங்கும் போகவில்லை.
வீட்டுக்காரர் போனில் கேட்டார்:
"இத்தனை வருஷம் ஓடலையாம்மா?"

ஒரு மூட்டை உப்பு. ஒரு மூட்டை கரி.
எட்டடிக் குழி.
வாரம் ஒரு குடம் தண்ணீர்,
பாலாறே மணலாய்க் கிடக்கும் மே மாதத்தில்,
மண்ணுக்கு.
கணக்கை நோட்டில் எழுதினேன்.

பதினொரு மணிக்கு அவர் வந்தார்.
சாவியை ஆணியில் மாட்டியபடி கேட்டார்,
"பெட்டி வேலை செய்யுதா?"

"நல்லா செய்யுது" என்றேன்.
"மாட்டேங்குது."