ஐந்தில் மூன்றாவது கோப்பை

பிறேமனில் பெப்ரவரி.
வேசர் ஆறு தெரியவில்லை, அதன் குளிர் மட்டும் தெரிகிறது.
மூன்றாம் மாடிச் சோதனை அறையில்
தொண்ணூற்று மூன்று பாகைக்குக் காத்திருக்கிறது கேத்தில்.
அரைப்பதும் ஊற்றுவதும் என் வேலை.
நாலு நிமிடம் மணிக்கூட்டைப் பார்ப்பது,
பிறகு கரண்டி கழுவுவது.

சுவைப்பவர் ஓல்ட்மான்ஸ்.
அவர் உறிஞ்சினால்
பக்கத்து அறையில் தொலைபேசியில் பேசுகிறவர்
ஒரு சொல்லைத் தவறவிடுவார்.
சத்தம் போட்டுக் குடிக்காதே என்று
குட்டு வாங்கி வளர்ந்தவன் நான்.
அந்தச் சத்தத்துக்கு மாதச் சம்பளம் என்பது
எனக்கு இன்னும் வேடிக்கைதான்.

இன்றைக்கு ஒரு கதிரை கூட.
கொத்பேர்த் நிசிகியே, புருண்டிக்காரி.
முப்பத்தெட்டுப் பெண்களின் சங்கத்துக்குக் கணக்குப்பிள்ளை.
யாரோ இரவல் கொடுத்த மேலங்கி
முழங்காலைத் தாண்டி இறங்கிக் கிடக்கிறது.
பாரிசில் மூன்று வருடம் தட்டுக் கழுவியதில்
என்னில் ஒட்டிய பிரெஞ்சுதான்
அறைக்குள் இருந்த ஒரே பாலம்.

"உங்கள் கோப்பியை நீங்கள் குடித்ததுண்டா?"
வரவேற்பறையில் யாரோ கேட்டார்களாம்.
"சட்டியில் கருக வறுத்துக் குடிப்பம்.
ஏன், நீங்கள் மட்டுமோ?" என்றாளாம்.

முதல் கோப்பை: தோடம்பழத் தோல் என்று எழுதினார்.
இரண்டாவது: அதுவே, கொஞ்சம் தேன்.
மூன்றாவதில் நின்றார். துப்பினார்.
"கார்டொஃபெல்."

குனிந்து மணந்தேன்.
பச்சை உருளைக்கிழங்கு.
இப்போதுதான் வெட்டியது, தோலில் மண்ணோடு.

ஒரே ஒரு கொட்டை.
காயில் ஒரு பூச்சி குத்திய இடம்.
கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது,
அரைக்கும்வரை அதுவும் நல்ல பிள்ளை.

அவள் கரண்டியை வாங்கி
ஓல்ட்மான்ஸைவிடச் சத்தமாக உறிஞ்சினாள்.
"ஓம். பூச்சி."
வெயில் ஏறமுன்னம் போக வேணுமாம்.
குளிரில் அதுகளுக்குப் பறக்க ஏலாது,
ஒவ்வொன்றாய்ப் பிடித்துப் போத்தலில் அடைப்பார்களாம்.
"என்ர மரமாயும் இருக்கலாம்.
ஜெனெரோசின்ர மரமாயும் இருக்கலாம்.
காணி உறுதியில புருசன்மாரின்ர பேர்.
பூச்சி மட்டும் எங்கட பேரில."

இன்னும் ஐந்து கோப்பை அரை என்றார் ஓல்ட்மான்ஸ்.
இயந்திரம் இரைந்த நேரத்தில்
அவள் அலுமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
போன வருட அறுவடை, கால் கிலோப் பொதிகள்.
விரலால் காற்றில் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.
"நாற்பத்தொரு மரம்" என்றாள்.
எனக்கு விளங்கவில்லை.
ஒரு மரம் ஒரு வருடத்துக்குத் தருவது
வறுத்தால் ஒரு பொதிதானாம்.

பிறகு ஒன்றைக் கையில் எடுத்தாள்.
முன்பக்கத்தில் ஒரு பெண்,
கூடை நிறையச் சிவப்புப் பழங்கள்,
பல் முழுக்கச் சிரிப்பு.
"இது ஆர்?"
ஓல்ட்மான்ஸுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.
"வடிவாயிருக்கிறாள். எங்கட குன்றில்லை."

இரண்டாம் சுற்றில் ஐந்தும் சுத்தம்.
எண்பத்தேழேகால்.
ஆனாலும் ஐந்தில் ஒன்று பழுது என்று போட்டு,
கிலோவுக்கு இருபது சதம் வெட்டினார்.
அவள் கொப்பியைத் திறந்தாள்.
"ஐந்திலயில்லை. பத்தில ஒன்று."
மொழிபெயர்த்தேன்,
கேட்டதைவிடக் கொஞ்சம் உரத்து.
அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மேசையில் ஆறிக்கொண்டிருந்த பத்துக் கோப்பைகளையும் எண்ணினார்.
பத்துச் சதம் என்று திருத்தினார்.
அவளும் எழுதிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை.

போகும்போது அந்தப் பொதியைக் கேட்டாள்.
"சங்கத்துக்குக் காட்ட வேணும்,
எங்கட முப்பத்தொன்பதாவது ஆளை."

கோப்பைகளை ஊற்றிக் கழுவினேன்.
மூன்றாவதை மட்டும் இரண்டு தரம்.
இரவு குசினியில் கிழங்கு சீவும்போது
கை ஒரு கணம் நின்றது.
மணந்து பார்த்தேன். கிழங்குதான்.
பிறகு சீவினேன்.