மறு கட்டளை வரும்வரை

புதுக்கடையில் மூன்றாம் இலக்க அறை.
மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை.
நீதிபதி சிங்களத்தில் வாசிக்க
மொழிபெயர்ப்பாளர் கழுத்து வியர்வையைத் துடைத்துத் துடைத்து
என் வீட்டை எனக்குத் தமிழில் சொன்னார்:

பராயமடையாப் பிள்ளை மிதுசனின் கட்டுக்காப்பு
வழக்காளியான தாயிடம்.
சனிக்கிழமை ஒன்பது முதல் ஐந்துவரை தகப்பனிடம்.
கையளிக்கும் இடம் வெள்ளவத்தை, காலி வீதி,
சுப்பர்மார்க்கட் வாசல்.
தாபரிப்பு மாதம் முப்பத்தையாயிரம்.
வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ இருவருக்கும் தடை.
ஒவ்வொரு வரியின் வாலிலும்
மறு கட்டளை வரும்வரை.
அடுத்த தவணை மாசி பதினெட்டு.

நான்காம் மாடி வீடு சீதனமா தேடியதேட்டமா
என்பது பிறகு பார்க்கப்படும்.
முற்பணம் அப்பா கோண்டாவில் காணியை விற்றுத் தந்தது.
மிச்சம் நாங்கள் இருவரும்
பதினொரு வருடம் கட்டிய கடன்.
"ரசீது இருக்கா?" என்றார் சட்டத்தரணி.
ரசீது இருந்தது.
தேடியதேட்டம்.
இவ்வளவு வடிவான சொல்லை
ஒரு சத்தியக்கடதாசியில்தான் முதன்முதல் கண்டேன்.
தேடிக்கொண்டிருந்த காலத்தில்
அதற்கொரு பெயர் இருப்பது எங்களுக்குத் தெரியாது.

அசையும் பொருட்களுக்கு ஓர் அட்டவணை.
குளிர்சாதனப்பெட்டி ஒன்று. கால் ஆடும் சோபா ஒன்று.
கரம் போட், கறுப்புக் காய் ஒன்று குறைவு
(நேர்மையாய் எழுதியிருந்தேன்).
தாலிக்கொடி பதினொரு பவுண்,
பம்பலப்பிட்டி வங்கியில் அடைவில், துண்டு அவர் பெயரில்.
எல்லாம் இருந்தபடியே இருக்கவேண்டுமாம்.
நானும் அதற்குள் நடந்து
தேத்தண்ணி போட்டுக் குடிக்கிறேன்.

நேரங்களை எழுதிவைக்கச் சொன்னார்கள்.
ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன்.
9.04. 5.11.
9.00. 5.20, மழை.
மழையை எழுதியிருக்கத் தேவையில்லை.

சனிக்கிழமையின் எட்டு மணித்தியாலத்தை
நான் என்ன செய்வது என்று கட்டளையில் இல்லை.
முதல் வாரம் மூன்று பேருக்கு மீன் வாங்கினேன்.

ஐந்தாவது சனி.
நூறாம் நம்பர் பஸ் ஊதிக்கொண்டு போன புழுதிக்குள்
பிரதீபன் வந்தார், தோளில் பிள்ளையின் பை,
சேர்ட்டில் யாரோ துடைத்த ஐஸ்கிறீம்.
பொக்கெட்டிலிருந்து மடித்த பஸ் ரிக்கெற் ஒன்றை எடுத்தார்.
"மூண்டரைக்கு விழுந்தது. எறியேல்ல.
நீரும் பாக்கவேணுமெல்லே."

உள்ளே அரிசிமணி போல ஒரு பல்.
அடியில் பொட்டு இரத்தம்.

அவருடைய நேரத்தில் விழுந்தது.
ஆனாலும் பாற்பல் என்றுதானே சொல்கிறோம்,
அந்தப் பாலுக்காவது எனக்கோர் உரித்து இல்லையா
என்று மனம் வழக்காடத் தொடங்க
வெட்கமாயிருந்தது.

கூரையில் எறியவேண்டும்.
எங்களுக்கு மேலே மூன்று மாடி, அதற்கு மேலே பூட்டு.
அவருக்குக் கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறை,
கூரை வேறு யாருடையதோ.

மிதுசன் நாக்கால் ஓட்டையைத் துழாவியபடி
"புதுப்பல்லு எங்க முளைக்கும்?
இங்கயோ, கொட்டாஞ்சேனையிலயோ?"

இருவரும் ஒன்றாய் வாய் திறந்தோம்.
அவர் முந்திவிட்டார்:
"உன்ர வாயிலதான்ரா."
நான் சொல்ல வந்ததும் அதுதான்.
சிரித்தோமா என்று நிச்சயமில்லை.
பஸ் வந்தது, ஏறிப் போனார்.

இரவு கொப்பியைத் திறந்து
5.07 என்று எழுதினேன். பக்கத்தில்,
பல் ஒன்று, கீழ்த்தாடை, இடது.

திறப்புப் போடும் கிண்ணத்தில் கிடக்கிறது
ரிக்கெற்றோடு.
மொட்டைமாடித் திறப்பு முகாமைக்குழுவின் செயலாளரிடம்.
திங்கட்கிழமை கேட்கலாம்.
சனிக்கிழமைக்கென்றும் கேட்கலாம்,
ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால்,
அவரும் ஏறி வர.
அதற்குத் தடை ஏதும் இருக்கிறதா என்று
கட்டளையை எடுத்து
முதல் பக்கத்திலிருந்து வாசிக்கிறேன்.