எதற்கு ஆமாம்

முதல் தடவை மைக்கில் விழுந்தது காற்று மட்டும்.
புன்டா அரீனாஸில் வேறென்ன விழும்.
பிடித்து நடக்கத் தெருமுனையில் கயிறு கட்டும் ஊர்.
தகரக் கூரைகள் விடிய விடியத் தமக்குள் வழக்காடும்.
எதெல்வினா மடிக்கணினியை என் மேசைமேல் வைத்து
"கேள்" என்றாள்.
கெட்டில் கொதித்தது. நாய் தும்மியது.
எங்கோ தூரத்தில்
வாளிக்குள் தலையை விட்டுப் பேசுகிறவன்போல
அனீபல்.

"கணினியின் வாயருகே காதை வைப்பானேன்,
தொண்டைக்குள்ளேயே வைக்கலாம்" என்றேன்.
தொழில்காரன் ஜம்பம்.
மெனுவுக்குள் மெனு, அதற்குள்
சாம்பல் பூத்துக் கிடந்த ஒரு பெயர்.
தட்டி எழுப்பினேன்.
இனி ஸ்பீக்கரை எட்டுமுன்பே ஒலி
வாய்க்காலாய்ப் பிரிந்து கோப்பில் இறங்கும்.
ஸ்பீக்கரை ஊமையாக்கினாலும் இறங்கும்.
மூவாயிரம் பெசோ வாங்கிக்கொண்டேன்.

விஷயம் ஒரு வேன்.
பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் மஞ்சள் வேன்.
ஓட்டுவது அவள், பனியில் டயர் மாற்றுவது அவள்,
பத்திரத்தில் மட்டும் இன்னும் அனீபல்.
அவனோ ஆறு வருஷமாய் வடக்கே
அந்தோஃபகாஸ்தாவில் தாமிர லாரி ஓட்டுகிறான்.
குடையை யாரும் திருடாத ஊர்.
வாயால் சம்மதிப்பான், கடிதம் போட்டால் பதில் வராது.
"அந்த வாயையாவது கொண்டு வா"
என்றிருந்தார் வக்கீல் ராதிச்.
பதிகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் பதிந்தாள்.
பதிந்துகொள் என்றானாம்.

செவ்வாய்க்கிழமை வந்தாள்.
ஹெட்போனை ஆளுக்கொரு காதாய்ப் பிரித்துக்கொண்டோம்.
அடடா, என்ன சுத்தம்.
காற்றே வீசாத ஓர் ஊர் கணினிக்குள் இருப்பதை
அன்றுதான் நம்பினாள்.

"சாப்பிட்டாயிற்று" என்றான் அனீபல்.
பிறகு ஒன்றுமில்லை.
"இல்லை, முழங்கால்தான்."
ஒன்றுமில்லை.
"அது போன வருஷம்."
பிறகு நீளமாய் ஒன்றுமில்லை.
பச்சைக் கோடு படுத்தே கிடந்தது,
நடுவில் ஏதோ ஒரு மின்னஞ்சல்
டிங் என்று விழுந்ததைத் தவிர.
பதினோரு நொடி.
"ஆமாம்" என்றான்.

"கேட்டாயா, ஆமாம் என்கிறான்!"
கேட்டேன்.
எதற்கு ஆமாம்?

தப்பு என்னுடையது.
இரண்டாவது பெட்டியில் டிக் போடவில்லை.
உள்ளே வருவதைப் பிடித்தேன்,
வெளியே போவதைக் கோட்டைவிட்டேன்.
"இதில் நான் எங்கே?"
"நீ பேசியது அவனிடம் போய்விட்டது,
இங்கே தங்கவில்லை."
சொன்ன பிறகுதான் உறைத்தது, வேறு மாதிரி சொல்லியிருக்கலாம்.

ராதிச் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம்.
"பதில் இருக்கிறது, கேள்வி இல்லை.
வேனுக்கும் ஆமாம், முழங்காலுக்கும் ஆமாம்,
இதை யார் முன்னால் வைப்பது?"

காசில்லாமல் மறுபடி அமைத்தேன்.
இரண்டு பெட்டியிலும் டிக்.
வெள்ளிக்கிழமைக் கோப்பில் எல்லாம் இருந்தது:
காற்று, நாய், கெட்டில்,
அவன் பேச்சின்மேல் ஏறி ஓடும் அவள் பேச்சு.
"வேன் உனக்குத்தான், அன்றே சொன்னேனே,
எத்தனை தடவை சொல்வது"
என்று கடைசியில் கத்தினான்.
ராதிச்சுக்குப் பரம திருப்தி.

வேலை முடிந்தது என்றிருந்தேன்.
அடுத்த வாரம் கடை மூடும் நேரத்தில் வந்து
பழைய கோப்பைத் திறக்கச் சொன்னாள்,
அதில் அந்தப் பதினோரு நொடியை.
"இதைப் பெரிதாக்க முடியுமா?"

ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன்.
இரைச்சல் மணலாய்க் கொட்டியது.
அதற்கடியில் மூச்சு. ஒரு நாற்காலிக் கிறீச்.
மறுபடி மூச்சு, மூக்கடைப்புக்காரனுடையது.
குறுக்கே பேச அவன் வாயெடுக்கவில்லை.

நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்:
வேனை என் பேருக்கு மாற்றித் தருகிறாயா.
நிறுத்தி நிதானமாய்ச் சொன்னாலும்
மூன்று நொடி.

மீதி எட்டு நொடியை நான் கேட்கவில்லை.
"ஞாபகமில்லை" என்றாள், கேட்டதுபோல.
வெளியே மஞ்சள் வேனில்
யாரோ ஒரு பிள்ளை ஹாரனை அழுத்தி
அழுத்திக்கொண்டே இருந்தது.